‘வாறன்’ என்று சொன்ன பெட்டி

இரவு ஏழே முக்கால். வட்டுவாகல் பழைய பாலம்.

விளக்கை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். போதும்... அந்த அளவு போதும். கைபேசிகளையும் அணைத்து வையுங்கள். காரணம் பிறகு விளங்கும்.

நிலவு இல்லை. பாலத்தின் இருபுறமும் நந்திக்கடல் கறுப்புப் பாய் விரித்தாற்போல் அசையாமற் கிடந்தது. ஒரேயொரு மோட்டார்ச் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவன் றொமேஸ். என் நண்பர் சூசைதாசனின் அக்காள் மகன். விசுவமடுவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். திருவிழா, கலியாணம், செத்தவீடு... எல்லாவற்றுக்கும் அவனுடைய பெட்டிகள்தாம் போகும். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் வெள்ளைப் பூச்சால் ‘றொமேஸ்’ என்று எழுதியிருக்கும். நான்கு கடைக்காரரின் பெட்டிகள் ஒரே வீதியிற் கலந்து கிடந்தால் தன்னுடையதைப் பிரித்தெடுக்க வேண்டும் அல்லவா? கையில் எது வந்தாலும் அவன் செய்யும் முதல் வேலை, பெயர் எழுதுவது.

இறைவன் அவனுக்கு அளித்த கொடை செவி. ஒரு பதிவைக் கேட்டால் போதும். பேசியவர் எத்தனை அடி தள்ளி நின்றார், பின்னால் இருந்தது சீமெந்துச் சுவரா கிடுகுத் தட்டியா, கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா... சொல்லிவிடுவான். நரம்பைத் தொடுமுன்னே யாழின் குறை அறியும் பாணரைப் பழம்பாட்டுகளிற் கண்டிருக்கிறோம். அவர்கள் வழியில் ஒருவன் தப்பிப் பிழைத்து விசுவமடுவிற் பிறந்தான் போலும்.

ஆயினும் அவன் வீட்டுப் படுக்கையறை விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்னும். வருடக்கணக்காக அப்படித்தான்.

“ஊர்ச் சத்தமெல்லாம் திருத்தப் போறியள். தலைக்கு மேலை அடிக்கிறது காதிலை விழேல்லையோ?” என்பாள் மனைவி பிரியந்தினி.

“அது அடிச்சாத்தான் எனக்கு நித்திரை வரும்,” என்பான் அவன்.

அன்று அவன் போய்க்கொண்டிருந்தது மாமியார் வீட்டுக்கு. முல்லைத்தீவுக்கு அப்பால், கடலோரம், கடைசி ஒழுங்கை. மார்கிறட் என்னும் அந்த அம்மா அங்கே தனியே இருந்தா. கணவர் மத்தேயு இறந்து ஐந்து ஆண்டு. மகள் பிரியந்தினி விசுவமடுவில். மகன் மெல்ரொன் கனடாவில்.

அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை தொடங்கியது ஒரு பெட்டியால். பெட்டியாலன்று... இரண்டு பெட்டிகளால்.

கூப்பிட்டால் மறுமொழி சொல்லும் பெட்டியைக் கண்டிருப்பீர்கள். ‘ஸ்மார்ட் ஸ்பீக்கர்’ என்கிறார்கள். பிரியந்தினி வவுனியாவில் ஒன்று வாங்கித் தாயாருக்குக் கொடுத்திருந்தாள். சிறியது. மலிவானது. காலைப் பூசையும் பாட்டும் கேட்க அது போதும். பங்குனியில் மெல்ரொன் ஒன்று அனுப்பினான். தண்ணீர்க் குடத்தின் அளவு. விலையைக் கேட்டதும் றொமேஸ் கதிரையை விட்டு எழுந்துவிட்டான்.

“அந்தக் காசுக்கு நான் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வாங்கி, மிச்சத்துக்கு ஜெனறேற்றரும் எடுப்பன்.”

“அத்தான், உங்கடை ஸ்பீக்கர் ஊரை எழுப்பும். இது அம்மாவோடை கதைக்கும்,” என்றான் மெல்ரொன், கைபேசித் திரையிலிருந்து சிரித்தபடி. “பிரியாக்கா வாங்கினது தகரப் பேணிக்குள்ளை விழுந்த ஈ மாதிரிக் கத்துது. என்ரையிலை அடித்தொனியைக் கேளுங்கோ, நெஞ்சிலை அதிரும். ஏழு மைக் இருக்கு. முத்தத்திலை நிண்டு கூப்பிட்டாலும் கேக்கும்.”

“ஆர் கூப்பிடுறது?” என்றாள் பிரியந்தினி. “நீ வைச்ச பேரை அம்மா வாயாலை சொல்லுவாவோ, மொக்கு?”

இங்கேதான் விடயம் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு விரும்பிய பெயர் வைக்கலாம். வைத்த பெயரைச் சொன்னால்தான் விழிக்கும். மெல்ரொன் அதற்குத் தகப்பனின் பெயரை வைத்துவிட்டான். மத்தேயு. அதோடு நிற்கவில்லை. தகப்பன் முன்னொருகால் கைபேசியில் அனுப்பிய குரற்பதிவில் ஒரேயொரு சொல்லை வெட்டி எடுத்து, பெட்டியின் மறுமொழியாக வைத்தான். ‘மத்தேயு’ என்று கூப்பிட்டால், மத்தேயுவின் குரலிலேயே பெட்டி சொல்லும்: “வாறன்.”

அன்பினாற் செய்தான். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மார்கிறட் அம்மா நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் கணவனின் பெயரை ஒருநாளும் உச்சரித்ததில்லை. ‘இஞ்சருங்கோ’ என்பா. பிறரிடம் ‘மெல்ரொன்ரை அப்பா’ என்பா. இறந்தபின் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப் போனபோதும், பெயரைக் கடதாசியில் எழுதித்தான் சுவாமியாரிடம் நீட்டினா.

ஆகவே பெரிய பெட்டி சும்மா இருந்தது. வீண்செலவு என்று பிரியந்தினி சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் மெல்ரொன் தன் கைபேசியைத் திருப்பிக் காட்டினான். அதில் ஒரு பட்டியல். யாராவது பெட்டியைக் கூப்பிட்டால் அந்த நேரமும் கூப்பிட்ட சத்தமும் அதில் விழும். மெல்ரொன் நேரங்களை மட்டுந்தான் பார்த்திருந்தான்; சத்தங்களைத் திறந்து கேட்கவில்லை.

“பாருங்கோ. பதினொரு நாளாய் அம்மா என்ரையைத்தான் பாவிக்கிறா. ஒவ்வொரு இரவும் ரண்டு மணி பத்துக்கு.”

பிரியந்தினி சிரிக்கவில்லை.

இரவு இரண்டு பத்துக்குத் தாய் எழுந்திருந்து, வாழ்நாளிற் சொல்லாத பெயரைச் சொல்லுகிறாவா? அப்படியென்றால் புத்தி பிசகத் தொடங்கிவிட்டது. வருகிற ஞாயிறே கூட்டிவந்து விசுவமடுவில் வைத்துக்கொள்வதென்று தீர்மானித்துவிட்டாள். வீட்டைப் பூட்டுவது. செய்தி கேட்ட மார்கிறட் அம்மா தொலைபேசியில் ஒரே வார்த்தையிற் சொன்னா:

“நாலுதரம் இந்த வீட்டை விட்டு ஓடினனான். அஞ்சாந்தரம் ஓடமாட்டன்.”

றொமேசின் ஐயம் வேறு பக்கம். இங்கே இரண்டு பத்து என்றால் கனடாவில் பின்னேரம். வேலை முடிந்து மெல்ரொன் காருக்குள் இருக்கும் நேரம். தன் பெட்டிக்கு மதிப்புத் தேட, அங்கிருந்தே ஏதோ ஒரு தந்திரத்தால் அதைக் கூப்பிடுகிறானோ? பெற்ற தாயைப் பைத்தியக்காரி ஆக்குகிற வேலை அல்லவா அது? பட்டியலைத் திறக்கும் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கினான். நல்ல ஹெட்போன் ஒன்றையும் எடுத்துக்கொண்டான். அன்றிரவே அவன் பாலத்தைக் கடந்தது இதற்குத்தான்.

வீடு. தகரப் படலை. உள்ளே சங்கிலி போட்டுப் பூட்டு. கருவாட்டு மணம், தாழம்பூ மணம், அவற்றுக்கு அடியில்... நனைந்த கயிற்றின் மணம். அந்த வீட்டில் ஐந்து வருடமாகக் கயிறு இல்லை.

“வா தம்பி. என்னை மூட்டையாக் கட்டிக்கொண்டு போகத்தானே வந்தனீ?” என்றா மாமியார்.

“இல்லை மாமி. ரண்டு பெட்டியிலை எது நல்லது எண்டு பாக்க வந்தனான்.”

“பொய் சொல்லேக்கை உன்ரை காது சிவக்கும். சரி, சாப்பிட்டிட்டுப் பார்.”

சாப்பிட்டான். பிறகு முன்னறை மேசையிலிருந்த இரண்டு பெட்டிகளிலும் ஒரே மாதா பாட்டைப் போட்டுக் கேட்டான். சிறியதில் ஆர்மோனியம் தகரத்திற் சுரண்டியது. பெரியதில்... அவனுக்கு எரிச்சலாக இருந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பாடகி மூச்சு வாங்குவது கேட்டது. அவளுக்குப் பின்னால் கோவிலின் உயரம் கேட்டது. இவ்வளவு துல்லியத்தை ஒரு குடத்துக்குள் எப்படி அடைத்தார்கள்?

“மன்னியுங்கோ மாமி,” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கூப்பிட்டுப் பார்த்தான். “மத்தேயு.”

நீல வளையம் எரிந்தது.

“வாறன்.”

மாமனாரே அடுத்த அறையிலிருந்து சொன்னாற்போல் இருந்தது. மார்கிறட் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டா.

குனிந்தபோது ஒன்றைக் கண்டான். மேசைக்கு முன்னே, சீமெந்துத் தரையில், வெள்ளையாக இரண்டு திட்டுகள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. கடல்நீர் நின்று காய்ந்த உப்பு. நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். ஒழுக்கில்லை. ஆனி மாதம், மழையுமில்லை.

“இது என்ன மாமி?”

“நானும் ஒவ்வொரு நாளும் துடைக்கிறன்,” என்றா அவ.

அவன் ஹெட்போனை மாட்டினான். பட்டியலின் முதற் பதிவு. நான்கு விநாடி.

அலை. திறந்த வெளிக் காற்று. மிகத் தொலைவில் ஓர் ஆண் குரல். “மத்தேயூ...”

ஆண் குரல். மாமி அல்ல. ஒரு நிம்மதி வந்தது, உடனே போனது. மெல்ரொனா? இல்லை. தொலைபேசி வழியே வரும் குரலில் அடித்தொனி இருக்காது. இதில் இருந்தது. நெஞ்சுக்கூட்டிலிருந்து எழும் குரல். அறுநூறு அடி தள்ளி, கடற்கரையில் நின்று கூப்பிட்ட குரல்.

நான்காம் இரவு. அலை பின்னுக்குப் போயிருந்தது. ஒழுங்கை மதிலில் பட்டுத் திரும்பிய குரல். ஒரு நாய் குரைக்கத் தொடங்கி... பாதியில் நிறுத்தியது.

ஏழாம் இரவு. தகரத்தில் மரம் தட்டும் ஓசை. இரண்டு தட்டு. டொக். டொக். “மத்தேயு.” படலையடி.

ஒன்பதாம் இரவு. விறாந்தை. சீமெந்தின் எதிரொலி. படலைப் பூட்டு திறந்த சத்தம் எதிலும் இல்லை.

பதினோராம் இரவு. அலையில்லை. காற்றில்லை. எதிரொலியும் இல்லை. வாயைப் பெட்டிக்குக் கிட்ட வைத்து, ஒரு முழம்கூடத் தள்ளாமல், மெதுவாக... “மத்தேயு.” அதற்கு முன்னே, மிகச் சிறிதாக, ஒரு ஓசை. சொட்டு. சொட்டு.

அவன் ஹெட்போனைக் கழற்றினான். காது வியர்த்திருந்தது.

“மாமி. ஒரு குரல் போடுறன். ஆர் எண்டு சொல்லுங்கோ.”

படலையடிப் பதிவைப் போட்டான். டொக். டொக். அந்த இரண்டு தட்டிலேயே மார்கிறட் அம்மாவின் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை வரைந்தது. பெயர் வரும்வரை காத்திருக்கவில்லை.

“சவிரி அண்ணை,” என்றா. “சவளாலை தட்டுவார்.”

சவள் என்பது வள்ளம் வலிக்கும் நீண்ட துடுப்பு. சவிரிமுத்து மத்தேயுவின் கூட்டாளி. அந்தக் கரையின் வழக்கத்தை அவ சொல்லச் சொல்ல அவன் கேட்டான். இரவு இரண்டு மணிக்குமேல் ஒருவன் சவளோடு புறப்பட்டு, படலை படலையாகத் தட்டிப் பெயர் சொல்லித் தொழிலாளரை எழுப்பிக்கொண்டு போவான். உள்ளேயிருப்பவன் ‘வாறன்’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். மறுமொழி இல்லையென்றால் அன்று அவன் வரவில்லை என்று பொருள். வீட்டுப் பெண்கள் அதற்கு மறுமொழி சொல்வதில்லை.

“எட்டு வருசத்துக்கு முன்னம், இதே ஆனியிலை, சவிரி அண்ணை வந்து கூப்பிட்டார். மெல்ரொன்ரை அப்பா முழிச்சுத்தான் கிடந்தார். காய்ச்சல் எண்டு சொல்லியிருக்கலாம். எழும்பப் பஞ்சியிலை பேசாமல் கிடந்திட்டார். மூண்டுதரம் கூப்பிட்டுப்போட்டு அவர் தனியப் போனார்.” அவ தரையிலிருந்த உப்பைக் காலால் தேய்த்தா. “வள்ளம் மட்டும் வந்துது. அதுக்குப் பிறகு இவர் கடலுக்குப் போகேல்லை. சாகிறவரைக்கும் ரண்டு மணி பத்துக்கு எழும்பிக் குந்தியிருப்பார்.”

“அப்ப... இந்தப் பெட்டி ‘வாறன்’ எண்டு சொன்னால்?”

“சொல்லிப்போட்டு வராமல் கிடந்தால், மற்றநாள் உள்ளை வந்து எழுப்புவினம், தம்பி. அதுதான் முறை.”

முற்றத்தில் ஒன்றுமில்லை. இருவரும் முற்றத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் மின்கம்பியைப் பிடுங்கக் கை வைத்தான். மார்கிறட் அம்மா அந்தக் கையைப் பிடித்தா.

“பேரை எடு. கூப்பிட்டாலும் அது பேசாமல் இருக்கட்டும். ஆனால் அந்தக் குரலை எடுத்துப்போடாதை. பதினொரு நாளாய் நானும் நித்திரையிலை கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். ‘வாறன்’ எண்டு. ஐஞ்சு வருசத்துக்குப் பிறகு.” குரல் தாழ்ந்தது. “வேறை ஒரு பேர் வை. நான் வாயாலை சொல்லக்கூடிய பேர். அப்ப நானே கூப்பிட்டுக் கேப்பன்.”

“என்ன பேர் மாமி?”

“உன்ரை பேரையே வையன். மருமோன்ரை பேர் சொல்லலாம்தானே.”

அவனுக்கு அது எளிதாகவே தோன்றியது. வாழ்நாள் முழுவதும் பெட்டிகளின் முதுகில் எழுதிய பெயர். விரல் தானாகவே தட்டியது. றொமேஸ். முடிந்தது.

“றொமேஸ்,” என்றா அவ, கூச்சத்தோடு.

“வாறன்,” என்றது மத்தேயுவின் குரல்.

அந்த அம்மா சிரித்தா. நீண்ட நாளைக்குப் பிறகு, சிறுபெண்போல.

அன்று இரவு இருவரும் விளக்கை அணைக்காமல் இருந்தார்கள். இரண்டு பத்து. ஊர் நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின. நனைந்த கயிற்றின் மணம் அறைக்குள் வந்தது... நின்றது. பெட்டியில் நீல வளையம் எரியவில்லை. ஒரு கண நேரம், இரண்டு கண நேரம். செபமாலையிற் பத்து மணி உருட்டிச் செபிக்கும் அளவு நேரம். பிறகு மணம் போயிற்று. விடிந்து பார்த்தால் தரையில் உப்பில்லை.

விசுவமடுவுக்குத் திரும்பிய றொமேஸ், மாமிக்குப் புத்தியில் ஒரு பிசகும் இல்லை என்றான். எவனோ கடற்கரையிற் குடித்துவிட்டுக் கத்தியதைப் பெட்டி பிடித்திருக்கிறது என்றான்.

பிரியந்தினி அவன் காதுகளைப் பார்த்தாள். சிவந்திருந்தன. வீடு பூட்டப்படவில்லை. அம்மா அங்கேயே இருந்தா. நாளுக்கு இரண்டு தரம், பகலில், மருமகன் பெயர் சொல்லிக் கணவனின் குரல் கேட்டா. எல்லாருக்கும் நிம்மதி.

அவன் திரும்பிய பன்னிரண்டாம் நாட் காலை. றொமேஸ் கட்டிலிலேயே இருந்தான். அண்மைக் காலமாக நித்திரை விட்டெழ உடம்பு கனக்கிறது; கடலில் வலித்தவன்போல் தோள் நோகிறது. கைபேசி அடித்தது. மெல்ரொன்.

“அத்தான், இப்பவாவது ஒத்துக்கொள்ளுங்கோ, என்ரை பெட்டி குடுத்த காசுக்குப் பெறுமதி. அம்மா உங்களைத்தான் தேடுறா. பதினொரு நாளாய், ரண்டு மணி பத்துக்கு, உங்கடை பேர். இருங்கோ, அனுப்புறன்.”

பதினொரு பதிவுகள் வந்தன. அவன் ஹெட்போனைத் தேடி எடுத்து மாட்டினான்.

முதலாவதில் அலை. தொலைவில் அந்தக் குரல். “றொமேஸ்...”

மூன்றாவதில் அலையில்லை. கீழே அசையாத தண்ணீர், மேலே கொங்கிறீற். பாலம்.

ஆறாவதில் பனைமரக் காற்று. ஒரு லொறி கடந்து போகிறது. புதுக்குடியிருப்பு வீதி; விசுவமடுவுக்கு வரும் வழி.

பெட்டி இன்னும் கடலோரத்து வீட்டு மேசையில் இருக்கிறது. அங்கேயிருந்து அது எதைக் கேட்டது, எப்படிக் கேட்டது... அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

பதினோராவதை அமுக்கினான்.

காற்றில்லை. எதிரொலியில்லை. மூடிய சிறிய அறை. யாரோ ஒருவன் அயர்ந்து தூங்கும் மூச்சு. அந்த மூச்சுக்கு மேலே, நிதானமாக... டக். மூன்று சுற்று. டக். மூன்று சுற்று. டக்.

பிறகு ஒரு முழம்கூடத் தள்ளாமல், மெதுவாக: “றொமேஸ்.”

அவன் ஹெட்போனைக் கழற்றினான். ஓசை நிற்கவில்லை. தலையை உயர்த்திப் பார்த்தான். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

குசினிக்குள்ளிருந்து பிரியந்தினி கேட்டாள்:

“இஞ்சருங்கோ... ராத்திரி நித்திரையிலை ஆருக்கு ‘வாறன்’ எண்டு சொன்னனீங்கள்?”